சுவரில் பத்தொன்பது பெண்கள்

எட்டு நாள் நான் ஒரு பெண்மணிக்குக் கற்பூரம் காட்டினேன். ஒன்பதாம் நாள்தான் அவர் கையில் வாட்ச் கட்டியிருப்பது தெரிந்தது.

முதல் வரியை எழுதி முடிப்பதற்குள் என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஆரம்பமே அதுதானா? ஊரே சிரிக்கட்டும்" என்றாள். சிரிக்கட்டும். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பாத்திரக்கடை வைத்திருப்பவன் நான். ஒன்பதாவது வரை படித்தவன். காலையில் குளித்து, விபூதி பூசி, பாடலீஸ்வரரைப் பார்த்துவிட்டுத்தான் கடையைத் திறப்பேன். இப்படிப்பட்டவன் வீட்டுச் சுவரில் எப்படி ஊர் பேர் தெரியாத பத்தொன்பது பெண்கள் வந்து சேர்ந்தார்கள் என்று பலரும் கேட்டுவிட்டார்கள். வாட்ச்சிலிருந்து தொடங்கினால்தான் புரியும்.

எங்கள் கடையில் பழைய பித்தளையைப் போட்டுவிட்டு எவர்சில்வர் எடுத்துக்கொண்டு போவார்கள். பித்தளை மூட்டையோடு வேறு சாமான்களும் வந்துவிடும். ஓடாத கடிகாரம், கால் உடைந்த பல்லாங்குழி, மூடி இல்லாத வெற்றிலைப்பெட்டி. அப்படி ஒரு மூட்டையில், தேக்குச் சட்டம் போட்டு, புகை பிடித்துக் கறுத்துப்போன படம் ஒன்று வந்தது. எண்ணெய் வண்ணத்தில் வரைந்தது. சிவப்புப் புடவை, கழுத்து நிறைய நகை, வலது கை கொஞ்சம் தூக்கினாற்போல. எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. மகாலட்சுமி. தாமரை தெரியவில்லையே என்றால் புகை மறைத்திருக்கிறது. யானைகள் இல்லையே என்றால் இடம் போதவில்லை. நம்புகிறவனுக்குக் காரணமா கிடைக்காது?

பூஜை அறையில் வைத்து எட்டு நாள் பூவும் கற்பூரமும் நடந்தது. வெள்ளிக்கிழமை வருகிறதே, அம்பாளைச் சுத்தம் செய்யலாம் என்று ஈரத்துணியால் துடைத்தேன். புகை கழன்று கழன்று வந்தது. நகை பளபளத்தது. இடது மணிக்கட்டைத் துடைத்தபோது கறுப்பு வார் தெரிந்தது. அப்புறம் வட்டம். அப்புறம் முள்.

என்னோடு கடையைப் பார்த்துக்கொள்வது என் மனைவியின் தம்பி. அவன் அன்று வீட்டுக்கு வந்தவன் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமா, நீங்க தெனம் பூஜைக்கு லேட்டா வர்றீங்க இல்ல? அதான் அம்பாள் டைம் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காங்க."

வாட்ச் கட்டிய அம்மையாரைப் பூஜை அறையில் வைத்திருக்க முடியாது. எட்டு நாள் கற்பூரம் வாங்கிக்கொண்டவரைப் பழைய சாமானோடு போடவும் மனசு வரவில்லை. யாரோ ஒரு வீட்டில் சமைத்து, பெற்று, வளர்த்த முகம்தானே. கூடத்துச் சுவரில் ஆணி அடித்தேன். அந்த ஆணியோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு கண் அதையே தேட ஆரம்பித்தது. கடலூர் ஓல்டு டவுனில் வீடு இடிக்கிறார்கள் என்றால் போய் நிற்பேன். பண்ருட்டியிலும் புதுச்சேரியிலும் பழைய சாமான் விற்பவர்கள், "ஒரு பொம்பள படம் வந்திருக்கு, வரீங்களா?" என்று போன் செய்வார்கள். இந்த வாக்கியத்தை ஸ்பீக்கரில் கேட்டால் ஒரு குடும்பஸ்தனுக்கு என்ன மரியாதை மிஞ்சும்? ஆண்கள் படமும் கிடைக்கும்தான். வாங்க மாட்டேன். ஆண்கள் எல்லோரும் படத்தில் ஒரே மாதிரி, ரயிலுக்கு நிற்பது போல இருப்பார்கள். பெண்கள் அப்படியில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தது போல ஒவ்வொரு முகத்திலும் ஒரு அவசரமும் ஒரு யோசனையும் இருக்கும்.

இட்லிப் பானை வாங்க வந்த ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர்தான் எனக்கு ஒரே ஒரு பாடம் நடத்தினார். "எண்ணெய் வண்ணம் புடவை மாதிரி. அழுக்கானா பதமா தொடைக்கலாம். பேஸ்டல்னு ஒண்ணு இருக்கு, கலர் கட்டியால தேச்சி வரையறது. அது நெத்தியில வச்ச விபூதி மாதிரி. வெறும் பொடி. தொட்டா போச்சு. கண்ணாடிக்குள்ளயே இருக்கணும்." எவ்வளவு அழகாகச் சொன்னார்! அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இதை நானே கண்டுபிடித்தது போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னிடம் இருந்த பேஸ்டல் மூன்று. மற்ற பதினாறும் எண்ணெய்.

நம் வீடுகளில் சட்டம் போட்டு மாட்டிய பெண் என்றாலே காலமானவர் என்று அர்த்தம். என் வீட்டுக் கூடத்தில் நுழைகிறவர்கள் குரலைத் தாழ்த்திவிடுவார்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் ஒருமுறை கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெரிய கூத்து நடந்தது என் மகனுக்குப் பெண் பார்த்தபோது. மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் பெண்ணின் அப்பா நான்கைந்து பேரோடு வந்தார். காபி வந்தது. குடிக்கவில்லை. உதடு அசைய சுவரை எண்ணிக்கொண்டிருந்தார்.

"இவுங்கல்லாம்... இந்த வூட்டுக்கு வாழ வந்தவங்களா?" என்று கேட்டார்.

நான் பெருமையாக, "அய்யோ இல்லீங்க. எல்லாம் நானா சேத்தது" என்றேன்.

அந்தச் சம்பந்தம் வாசற்படியைத் தாண்டிப் போனது, திரும்பி வரவில்லை. பிறகு வேறு இடத்தில் அமைந்தது. மருமகள் தங்கமான பெண். ஆனால் இன்றுவரை கூடத்தில் சுவருக்கு முதுகு காட்டித்தான் உட்காருவாள்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன்.

மூன்று பேஸ்டல்களில் ஒன்று, நான் தினமும் காலையில் அதன் எதிரில் உட்கார்ந்து காபி குடித்த படம். இருபது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையல். தலை நிறைய பூ. ஒரு கை நாற்காலிக் கைப்பிடியில், இன்னொரு கை மடியில். ஐந்து வருஷத்துக்கு முன் ஓல்டு டவுன் வீடு ஒன்றை இடித்தபோது அண்டா குண்டானோடு வந்தது.

போன வருஷம் ஆயுதபூஜைக்குப் பத்து நாள் முன்னால் ஒரு போன் வந்தது. சிதம்பரத்திலிருந்து ஒரு பெண் குரல். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். வயது எழுபதைத் தாண்டிவிட்டதாம்.

"தம்பி, மேல்பட்டாம்பாக்கத்துல ஒரு கல்யாணத்துல எங்க மாமா பேரனப் பாத்தேன். பழைய வூட்ட இடிக்கறப்ப ஒரு படத்த உங்க கடையில போட்டதா சொன்னான். கை நெறைய வளையல் போட்ட பொண்ணு. இருக்கா?"

"இருக்கும்மா" என்றேன். உடனே சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. கொடுக்க வேண்டிவரும் என்ற பயம்தான், வேறென்ன.

"அது எங்க அம்மா. நான் பொறந்து பத்தாம் நாள் போயிட்டா. அப்பா வேற கட்டிக்கிட்டாரு. மாமா வூட்டோட பேச்சுவார்த்தை இல்லாமப் போச்சு. அம்மாவுக்கு ஃபோட்டோ கெடையாது. அப்பாவோட சிநேகிதரு ஒருத்தரு வளைகாப்பு அன்னிக்கி ஒக்கார வச்சி வரைஞ்ச படம் ஒண்ணுதான். அதுவும் மாமா வூட்டுல மாட்டிக்கிச்சி. நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. அந்தப் படத்துல நானும் இருக்கேன் தம்பி. வயித்துல."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"சின்னதுலேருந்து என்னை அம்மாவ முழுங்கினவன்னு சொல்லுவாங்க. கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சு. எனக்கு ஒண்ணே ஒண்ணு பாக்கணும். என்னைச் சொமந்துக்கிட்டு ஒக்காந்திருந்தப்ப அவ மூஞ்சி எப்பிடி இருந்துச்சு? அவ்வளவுதான்."

"நீங்க அலைய வேண்டாம்மா. ஆயுதபூஜை முடிஞ்சதும் நானே சிதம்பரத்துக்குக் கொண்டுவந்து குடுக்கறேன். மாசாமாசம் நடராஜர பாக்க வரவன்தான்" என்றேன். போனை வைத்ததும் என் பெருந்தன்மையை நினைத்து எனக்கே கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தில்தான் எல்லாம் கெட்டது.

படத்தின் கண்ணாடியில் மூலையில் ஒரு கீறல் இருந்தது. கீறல் விழுந்த கண்ணாடியோடு ஒரு தாயைக் கொடுப்பதா? பின்பக்க ஆணிகளை எடுத்து, கண்ணாடியைக் கழற்றி, புதுசுக்கு அளவு கொடுத்தேன். கண்ணாடிக் கடைக்காரர் லீவு முடிந்து தருகிறேன் என்றார். படத்தைக் கூடத்து மேசையில் மல்லாக்க வைத்து, யாரும் தொடக்கூடாது, மூச்சுகூடப் படக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டேன். விபூதி உதாரணத்தை இன்னொரு முறை சொன்னேன். "தெரியும், தெரியும், நூறு வாட்டி கேட்டாச்சு" என்றாள் மனைவி.

ஆயுதபூஜை அன்று எங்கள் வீட்டில் எதையும் விட்டுவைப்பதில்லை. தராசு, மிக்ஸி, டிவிஎஸ் வண்டி, அரிவாள்மனை, மகனின் பழைய கிரிக்கெட் மட்டை, எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தாக வேண்டும். வருஷா வருஷம் படம் துடைப்பது என் வேலை. ஈரத்துணியை எடுத்துக்கொண்டு, சத்தமாகத் தேவாரம் பாடிக்கொண்டு, வாட்ச் அம்மையாரில் தொடங்கினேன். நான் பாட ஆரம்பித்தால் மூளை லீவில் போய்விடும் என்பது என் மனைவியின் கருத்து. சாமி படங்கள், மாமனார், மாமியார், சுவர்ப் பெண்கள் என்று வரிசையாகத் துடைத்து வந்த கை, அதே வேகத்தில் மேசைக்கு வந்தது. இடமிருந்து வலம் ஒரு இழுப்பு. வலமிருந்து இடம் ஒரு இழுப்பு. பதிகத்தில் ஒரு அடிகூடத் தவறவில்லை.

சந்தனம் வைக்க நெற்றியைத் தேடினேன். நெற்றி இல்லை.

துணியைப் பார்த்தேன். மாம்பழ நிறத்தில் ஈரமாக இருந்தது. தாளில் முகம் இருந்த இடத்தில் கலங்கிய வண்டல் போல ஒரு வட்டம். பூவில் பாதி இருந்தது. ஒரு காதும் ஜிமிக்கியும் இருந்தன. கழுத்துக்குக் கீழே எதுவும் ஆகவில்லை. வளையல்கள் ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தன.

பாட்டு நின்றதும் மனைவி அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். எனக்கு நெஞ்சு வலி என்று நினைத்தாளாம். மேசையைப் பார்த்தாள்.

"என்னாங்க பண்ணீங்க? அந்தப் பொண்ணு மூஞ்சி எங்க?"

நான் துணியைக் காட்டினேன். என் வாழ்க்கையில் இதைவிட முட்டாள்தனமான பதிலை நான் சொன்னதில்லை.

அவள் திட்டவில்லை. மேசை முன்னால் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மச்சான்தான் மறுநாள் கடையில் வழி சொன்னான்.

"மாமா, அவுங்க அம்மாவ அவுங்க பாத்ததே இல்ல. இல்லியா?"

"இல்ல."

"ஒங்ககிட்ட இன்னும் ரெண்டு பேஸ்டலு இருக்கு. அதுல ஒண்ணு வளையல் போட்ட பொம்பளதான?"

"டேய்."

"டேய்னா? அந்த அம்மாவுக்கு ஒரு மூஞ்சி வேணும். ஒங்க வூட்டுல மூஞ்சிக்கா பஞ்சம்? சந்தோஷமா வாங்கிக் கும்புடுவாங்க. நீங்க உண்மையச் சொன்னா அவுங்களுக்கு இந்த மூஞ்சியும் இல்ல, அந்த மூஞ்சியும் இல்ல."

தப்பு என்று உடனே தெரிந்தது. நல்ல யோசனை என்றும் உடனே தெரிந்தது. வீட்டில் சொன்னேன். மனைவி, "கும்புடற மனுஷன் பேசற பேச்சா இது?" என்று மட்டும் கேட்டாள். அழிந்த படத்துக்குப் புதுக் கண்ணாடி வந்ததும் மாட்டி, இரண்டு படத்தையும் ஒரே போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டேன். எதைக் கொடுப்பது என்று சிதம்பரம் போய் முடிவு செய்யலாம். முடிவெடுக்கத் தெரியாதவனுக்குச் சுமை இரண்டு மடங்கு.

பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு போனேன். வெள்ளாற்றுப் பாலம் வரும்வரை உண்மை. பாலம் தாண்டியதும் பொய். பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது மறுபடி உண்மை. நேராகக் கோயிலுக்குப் போனேன். மூட்டையை அணைத்துக்கொண்டு, கூட்டத்தில் நசுங்கி, சபைக்கு எதிரில் நின்றேன். திரையை விலக்கி ரகசியம் காட்டினார்கள். தங்க வில்வ மாலை தொங்குகிறது, அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை, வெறும் வெளி. அங்கேதான் இறைவன் உருவமில்லாமல் இருக்கிறார் என்பது நம் நம்பிக்கை. எத்தனையோ முறை பார்த்து உருகியிருக்கிறேன். அன்று உருகவில்லை. ஒரு யோசனை வந்தது. 'இறைவனே உருவம் இல்லாமல் இருக்கிறபோது, அம்மாவுக்கு முகம் இல்லாவிட்டால் என்னம்மா?' என்று சொல்லிவிடலாம். எவ்வளவு பெரிய தத்துவம்! ஆடுகிறவர் முன்னால் நின்றுகொண்டு தப்பிக்க வழி தேடிய ஆள் நான்.

கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அவர் வீடு. ஒல்லியான உருவம், நரைத்த பின்னல், மூக்குக்கண்ணாடி. கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூட்டையைத்தான் பார்த்தார்.

கூடத்தில் ஒரு சுவரைக் காலி செய்து வைத்திருந்தார். கீழே மணை போட்டு, தாம்பாளத்தில் புதுப் புடவை, கண்ணாடி வளையல், பூ. அடுப்பில் பாயசம் கொதிக்கும் வாசனை. "வளைகாப்போட போனவளுக்கு வேற என்னா வைக்கிறது? அதான் வளையல் வாங்கினேன்" என்றார்.

இவ்வளவையும் பார்த்த பிறகு எவன் வண்டலை எடுத்துக் காட்டுவான்? கை தானாக மற்றப் படத்தை உருவியது. கழுவிய முகத்தைப் போர்வைக்குள்ளேயே விட்டேன்.

அவர் அதை வாங்கி மணைமேல் சாய்த்து வைத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நின்றார், குனிந்தார், தள்ளிப் போனார், கிட்டே வந்தார். உள்ளே போய் ஒரு கைக்கண்ணாடி எடுத்துவந்து தன் முகத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"மூக்கு எனக்கு வரல. என்னுது அப்பா மூக்கு. கண்ணு? கண்ணு அவ மாதிரி இருக்கா தம்பி?"

"அப்படியே இருக்கும்மா" என்றேன்.

அவர் மறுபடி படத்தைப் பார்த்தார். அந்தப் படத்திலிருந்த பெண்ணை எனக்கும் நன்றாகத் தெரியும். யாரோ வற்புறுத்தி உட்கார வைத்தது போல உதட்டை இறுக்கி, பார்வையைத் தாழ்த்திய முகம். என் வீட்டுச் சுவரில் அது ஒரு அழகு. இங்கே அது ஒரு பதில் என்பது அந்த நொடிவரை எனக்கு உறைக்கவில்லை.

"சந்தோஷமா இல்ல இல்ல?" என்றார் மெதுவாக. "மூஞ்சியச் சுளிச்சிக்கிட்டுதான் இருக்கா."

"களைப்பா இருக்கும்மா... மாசமா இருக்கறப்ப..."

"சரி. நியாயந்தான். வேண்டாத சொமைன்னு அப்பவே தெரிஞ்சிருக்கு." நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் நோக, தரையில் இறங்கினார். படத்துக்கு முன்னால் கையைக் கூப்பி, "மன்னிச்சிரும்மா" என்றார்.

யாரோ ஒரு வீட்டுப் பெண்ணிடம், செய்யாத குற்றத்துக்கு.

"கும்புடாதீங்கம்மா!" என்று நான் கத்திவிட்டேன். "அது ஒங்க அம்மா இல்ல."

அவர் கூப்பிய கையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னேன். ஈரத்துணி, தேவாரம், மச்சான், பாலம், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது ஒரு மனிதன் செய்த காரியம் போலவே இல்லை. அவர் எழுந்திருக்க நான் கை கொடுத்தேன். தட்டிவிட்டார். நாற்காலியைப் பிடித்து எழுந்து, மணைமேல் இருந்த படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

"இன்னொண்ணு எங்க?"

பிரித்துக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டார். கலங்கிய வட்டத்தின் மேல், படாமல், விரலைக் காற்றில் வைத்திருந்தார். கோயிலில் தயாரித்ததை எடுத்து விட்டேன்.

"அம்மா, இங்க சாமியே உருவமில்லாம வெளியாதானே இருக்காரு..."

"தம்பி," என்றார், தலையைத் தூக்காமலே, "நான் நடராஜருக்குப் பொறக்கல."

அதோடு என் தத்துவம் முடிந்தது.

அடுப்பில் பாயசம் அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. நான் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றேன்.

"நீ பாத்த இல்ல? அழிக்கறதுக்கு முன்னால?" 'நீங்க'வில் இருந்த 'ங்க' போய்விட்டது. போனால் என்ன, அதுவே மரியாதைதான்.

"நாலு வருஷமா தெனமும்."

"சொல்லு. எப்பிடி இருந்தா?"

"நல்லா லட்சணமா..."

"அது பொண்ணு பாக்க வந்தவன் சொல்றது. ஒழுங்கா சொல்லு."

கண்ணை மூடினேன். தினமும் காபி டம்ளரோடு பார்த்த முகம். வாங்கும்போது அகலம் உயரம் அளந்தேன், சட்டம் என்ன மரம் என்று தட்டிப் பார்த்தேன். மூக்குத்தி எந்தப் பக்கம் என்று கேட்டால் தெரியவில்லை. பெரிய சேகரிப்பாளர்! ஆனால் ஒன்று மட்டும் மூடிய கண்ணுக்குள் நன்றாக வந்தது.

"சிரிப்ப அடக்கிக்கிட்டு இருப்பாங்கம்மா. வாய் மூடியிருக்கும். ஆனா சிரிப்பு வந்துடும் போல இருக்கும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இப்பத்தான மூஞ்சியச் சுளிச்சவளக் காட்டி அப்பிடியே இருக்குன்ன? இப்ப ஆறுதலுக்கு இதச் சொல்ற. ஒன்ன எப்பிடி நான் நம்பறது?"

நியாயமான கேள்வி.

"ஒன் சம்சாரம் பாத்திருக்காங்களா இந்தப் படத்த?"

"பாத்திருக்கா."

"போன் போடு. சத்தமா வையி. நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது. நான் கேக்கறேன்."

போட்டேன். எடுத்த உடனே மறுமுனையில், "என்னாங்க, உண்மையச் சொன்னீங்களா இல்லியா?" என்று இடி விழுந்தது.

"சொல்லிட்டாரும்மா. கொஞ்சம் லேட்டா," என்றார் தபால் ஆபீஸ் அம்மா. "நான் சிதம்பரத்துலேருந்து பேசறேன்."

மனைவியின் குரல் இறங்கியது. "அம்மா... எங்கள மன்னிச்சிருங்கம்மா."

"அது இருக்கட்டும். எங்க அம்மா படத்துல மூஞ்சி எப்பிடி இருந்துச்சு? ஒனக்கு ஞாபகம் இருக்கறத மட்டும் சொல்லு. எனக்காக எதுவும் சேக்காத."

"அந்தப் பொண்ணா?" என்றாள் என் மனைவி. குரலில் ஒரு பழக்கம் இருந்தது, அடுத்த வீட்டுப் பெண்ணைப் பற்றிக் கேட்டது போல. "சிரிப்ப அடக்கிக்கிட்டு ஒக்காந்திருக்குமே அது? வரையறவரு சிரிக்காத, ஆடாதன்னு சொல்லியிருப்பாரு போல. நான் தெனம் கூடத்தக் கூட்டறப்ப பாப்பேம்மா. 'என்னாடி, நான் கூட்டறது ஒனக்குச் சிரிப்பா இருக்கா'ன்னு கேப்பேன். இவருகிட்ட சொன்னதில்ல. சொன்னா அதுக்கும் ஒரு பாடம் நடத்துவாரு."

தபால் ஆபீஸ் அம்மா மடியிலிருந்த படத்தை நேராக்கினார். போன் கட்டாகிவிட்டதோ என்று என் மனைவி "ஹலோ, ஹலோ" என்றாள்.

"இருக்கேன். சொல்லு. இன்னும் சொல்லு."

"மூக்குத்தி வலது பக்கம். ஒத்தக் கல்லு. ரெண்டு புருவமும் ஒண்ணு போல இருக்காது, ஒண்ணு கொஞ்சம் ஏறியிருக்கும். வெத்தல போட்ட வாய். அன்னிக்கி வளைகாப்புக்கு வந்தவங்க குடுத்திருப்பாங்க. மாசமா இருக்கறவ கன்னத்துல ஒரு மினுமினுப்பு வருமே, அதுகூட அந்த மனுஷன் வரைஞ்சிருந்தாரு. மடியில ஒரு கை இருக்கு பாருங்க, அது சும்மா மடியில இல்லம்மா. நல்லாப் பாருங்க."

அவர் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். நான்கு வருஷமாக மடியில் கிடக்கும் கை என்று நினைத்திருந்தேன். விரல்கள் விரிந்து, வயிற்றின் அடியில் தாங்கினாற்போல இருந்தன. துணி அங்கே போகவில்லை. வளையல்களுக்குக் கீழே அந்தக் கை, வரைந்த அன்று போலவே இருந்தது.

அதன் பிறகு நான் எதற்கு அங்கே? இரண்டு பெண்களும் பேசிக்கொண்டே இருந்தார்கள். காது பற்றி, பூவைத்த விதம் பற்றி, பிறகு எங்கெங்கோ போய், பத்தாம் நாள் காய்ச்சலில் போன கதை, வளர்த்த சித்தி, தபால் ஆபீஸ் வேலை. நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை வலித்தது. மாற்றிப் பிடித்தேன். அடிப்பிடித்த பாயசத்தை ஒரு டம்ளரில் ஊற்றிக் குடிக்கச் சொல்லி எனக்குச் சைகை காட்டினார். குடித்தேன். அழுகையும் பாயசமும் ஒரே நேரத்தில் இறங்காது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

"சிரிப்ப அடக்கறப்ப வாய் எப்பிடி இருக்கும்?" என்று போனில் கேட்டார்.

"உதட்ட உள்ள இழுத்துக்கும்மா. அப்பவும் ஒரு ஓரம் மட்டும் சொன்ன பேச்சுக் கேக்காம மேல போவும். வலது ஓரம்."

அவர் கைக்கண்ணாடியை எடுத்தார். உதட்டை உள்ளே இழுத்தார். முதலில் அழுகிறவர் வாய் மாதிரிதான் வந்தது. மறுபடி செய்தார்.

"இப்பிடியா?"

"நான் எங்கம்மா பாக்கறது? அவரத்தான் கேக்கணும்."

கண்ணாடியைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பினார். ஒரு ஓரம் மேலே போயிருந்தது. நான் தினமும் காலையில் பார்த்த வாய், எழுபது வயதில், என் எதிரில். சொல்ல வாயெடுத்தேன். ஆனால் 'அப்படியே' என்ற வார்த்தையை அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் பொய்க்குச் செலவழித்திருந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

நம்பினாரா என்று தெரியாது. என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். அதைக் கீழே வைக்கவில்லை.